ஒரே மூக்கு, வேறு வேறு வாய்

தாளின் நடுவில் ஒரு கோடு.
இடப்பக்கம் எழுதினேன்: ஒன்பதுக்கும் பொது.
வலப்பக்கம்: இடத்துக்கு இடம் மாறும்.
அன்று நேராக வந்தது கோடு மட்டும்தான்.

எல்லைக்கு இந்தப்பக்கம் நான்கு பால் சங்கம்,
அந்தப்பக்கம் ஐந்து.
ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் என்றால்
நமக்குக் கட்டாது என்றார் முதலாளி.
எல்லோருக்கும் ஒன்றே என்றால்
அவர்களுக்குக் கட்டாது.
அதனால் ஒரு குடும்பமாகச் செய்வோம்,
ஒரே மூக்கு, வேறு வேறு வாய்.
என்னென்ன வேண்டுமென்று நீ போய் எழுதி வா.

எடை, பொது.
கொழுப்பு அளப்பது, பொது.
சீட்டு அச்சடிப்பது பொது, சீட்டின் எழுத்து மாறும்.
கொழிஞ்சாம்பாறையில் மலையாளம்,
வரிசையில் நிற்பவர்கள் திட்டிக்கொள்வது தமிழில் என்றாலும்.
பட்டுவாடா நாட்டுக்கல்லில் சனிக்கிழமை,
வண்ணாமடையில் பத்து நாளுக்கொருமுறை.
போனஸ் ஓணத்துக்கு, அல்லது தீபாவளிக்கு.
இரண்டும் வேண்டுமென்றார்
கோபாலபுரத்துச் செயலாளர் சின்னப்பராஜ்.
'ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கிடையாது'
என்ற வரியை வாசித்துக் காட்டினேன்.
"கல்யாணப் பத்திரிகை மாதிரியே எழுதறீங்க" என்றார்.

நிரல் எழுதும் நிஷாத் சித்தூரிலிருந்து கூப்பிட்டான்.
"தேவைப்பட்டால் காட்ட வேண்டும் என்கிறீர்களே,
யாருக்குத் தேவைப்பட்டால்?"
பதினொரு இடத்தில் அந்தச் சொல்லை அடித்தேன்.
நான்கு இடத்தில்
அதற்குப் பின்னால் எதுவுமே இல்லை.

பதினான்காம் வரி:
'ஓர் உறுப்பினர் ஒரு சங்கத்துக்கே உரியவர்.'
யாரையும் கேட்காமல் இடப்பக்கம் போட்டது.
சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதை
யாரிடம் போய்க் கேட்பது?

வேலந்தாவளத்தில் மாலைப் பால் நேரம்.
கேனை இறக்கிவைத்தபடி பழனாத்தாள் சொன்னாள்:
"காலையில அந்தப்பக்கம் ஊத்துவனுங்,
பொழுதோட இங்க."
"மாடு?"
"மாடு ஒண்ணுதானுங்.
அது எந்த ஊருன்னு அதையத்தான் கேக்கோணும்."
வரிசையில் ஆறேழு பேர்
ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

அங்கே லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட.
இங்கே தீவனம் கடனுக்குக் கிடைக்கும்.
அங்கே அவள் எண் இருபத்தேழு, இங்கே நூற்றுப்பதின்மூன்று.
என் பதினான்காம் வரி மட்டும் ஓடத் தொடங்கினால்
இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்
கணினி அவளைக் கையும் கேனுமாகப் பிடிக்கும்.

"இத எழுதாம விட்டுருங்க" என்றார் செயலாளர்,
குரலைத் தாழ்த்தி.
எழுதாமல் விடு என்பதும் ஒரு தேவைதான்.
அதற்கு எந்த எண் கொடுப்பது?

இரவு, பதினான்கை வலப்பக்கம் நகர்த்தினேன்.
உறுப்பினர் ஒரு சங்கம், அல்லது பல.
நிஷாத் விடவில்லை.
"யார் தேர்ந்தெடுப்பது? எப்போது?
இங்கே கட்டும்போதா,
அங்கே கொண்டுபோய் நிறுவும்போதா?"
கேன் மூடியைத் திறக்கும்போது என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"அது ரொம்பத் தாமதம்" என்றான்.
அவர்களுக்கு அதுதான் நேரம் என்றேன்.

அதற்குப் பிறகு இடப்பக்கத்தில் எதைத் தொட்டாலும் ஆடியது.
'ஒரு நாளைக்கு இரு வேளை' ஆடியது.
'லிட்டர்' கூட ஆடியது, மூன்று சங்கத்தில் கிலோ.

கடைசி வாரம் மழை.
எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றாக மின்சாரம் போனது.
டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்:
'கரண்ட் இல்லாவிட்டாலும் வரிசை நகர வேண்டும்.
பால் காத்திருக்காது.'
ஒன்பது பேரும் எதுவும் கேட்காமல்
கையெழுத்துப் போட்ட வரி அது ஒன்றுதான்.

முதலாளி அதன்மேல் விரலை வைத்துக் கேட்டார்:
"இதுக்கு எத்தனை நாளாகும்?"
பதினான்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.